பெர்கனிலிருந்து கிர்கெனெஸ் வரை: நார்வே கடலோரக் கப்பல் பயணத்துக்கு முழுமையான வழிகாட்டி

நார்வேயின் மேற்குக் கரையில் இருக்கும் பெர்கன் நகரத்திலிருந்து தினமும் இரவு எட்டரை மணிக்கு ஒரு கப்பல் கிளம்புகிறது. கரையை ஒட்டியே வடக்கே போய், ஆர்க்டிக் வட்டத்தைத் தாண்டி, ஐரோப்பாவின் வட உச்சியைச் சுற்றிக்கொண்டு, ஏழாம் நாள் காலையில் ரஷ்ய எல்லைக்குப் பக்கத்தில் உள்ள கிர்கெனெஸ் என்ற சிற்றூரில் நிற்கும். மூன்று, மூன்றரை மணி நேரத்தில் திரும்பப் புறப்பட்டு, பன்னிரண்டாம் நாள் பிற்பகல் மறுபடி பெர்கன். இரு முனைகளையும் சேர்த்து வழியில் 34 துறைமுகங்கள்.

இதை உல்லாசக் கப்பல் என்று நினைத்துப் போகிறவர்கள்தான் ஏமாறுகிறார்கள். இது அரசு மானியத்தில் ஓடும் வழித்தடக் கப்பல். சரக்கு ஏறும், இறங்கும். அடுத்த ஊர் மருத்துவமனைக்குப் போகிற பாட்டியும், பள்ளி விளையாட்டுப் போட்டிக்குப் போகிற பிள்ளைகளும் ஏறுவார்கள். இரவு இரண்டு மணிக்கு ஒரு சின்ன ஊரில் கப்பல் நின்றால் அது அந்த ஊருக்காக, நமக்காக அல்ல. நேர அட்டவணை யாருக்காகவும் மாறாது. ஆகவே, எந்த மாதத்தில், எந்தத் திசையில் போவது என்பதைச் சரியாகத் தேர்ந்தெடுப்பதுதான் இந்தப் பயணத்தின் முக்கால்வாசித் திட்டம். மீதியெல்லாம் எளிது.

இந்தக் கப்பல் எப்படி வந்தது

1893-க்கு முன்பு நார்வேயின் வட கரையில் குளிர்காலத்தில் இரவில் கப்பல் ஓட்ட யாரும் துணியவில்லை. ஆயிரக்கணக்கான தீவுகள், நீருக்கடியில் பாறைகள், விரல் விட்டு எண்ணும் அளவுக்கே கலங்கரை விளக்கங்கள். வடகோடி ஊரான ஹம்மர்ஃபெஸ்டுக்குக் கடிதம் போய்ச் சேரக் குளிர்காலத்தில் மாதக்கணக்கில் ஆகும். விரைவுக் கப்பல் ஒன்று வேண்டும் என்று அரசு கேட்டபோது பெரிய கம்பெனிகள் ஒதுங்கிக்கொண்டன. ஸ்டொக்மார்க்னெஸ் என்ற சின்ன ஊரில் கப்பல் கம்பெனி வைத்திருந்த கேப்டன் ரிச்சர்ட் வித் மட்டும் சம்மதித்தார். அவரும் வழிகாட்டி மாலுமி ஆண்டர்ஸ் ஹோல்டேயும் அதற்கு முன்பே ஒரு வேலையைச் செய்து வைத்திருந்தார்கள். ஒவ்வொரு பயணத்திலும் எந்த இடத்தில் எந்தத் திசை, எந்த வேகத்தில் எத்தனை நிமிடம் என்று குறித்துக்கொண்டே வந்தார்கள். கண்ணுக்கு ஒன்றும் தெரியாத இருட்டில் திசைகாட்டியும் கடிகாரமும் அந்தக் குறிப்பும் இருந்தால் போதும் என்று நம்பினார்கள்.

1893 ஜூலை 2-ஆம் தேதி ‘வெஸ்டெரோலன்’ என்ற நீராவிக் கப்பல் ட்ரொண்ட்ஹைமிலிருந்து ஹம்மர்ஃபெஸ்டுக்குக் கிளம்பியது. 1898-இல் வழித்தடம் தெற்கே பெர்கன் வரை நீண்டது. 1914-இல் கிர்கெனெஸை எட்டியது. 2021 முதல் இரண்டு கம்பெனிகள் இதை நடத்துகின்றன: ஏழு கப்பல்களோடு ஹுர்ட்டிக்ரூட்டன், நான்கு கப்பல்களோடு ஹாவிலா. ஒரு முழுச் சுற்றுக்குப் பதினோரு நாள், கப்பலும் பதினொன்று. அதனால்தான் ஒவ்வொரு துறைமுகத்துக்கும் தினம் ஒரு கப்பல் வடக்கேயும் ஒன்று தெற்கேயும் வந்துவிடுகிறது. நடுக்கடலில் இரண்டும் எதிர்ப்படும்போது ஊதுகுழல் ஒலித்துக்கொள்ளும். அந்த நேரத்தில் மேல்தளத்துக்கு ஓடுங்கள், தவறவிடாதீர்கள்.

முதல் படி: மாதத்தை முடிவு செய்யுங்கள்

நள்ளிரவுச் சூரியனும் துருவ ஒளியும் ஒரே பயணத்தில் கிடைக்காது. ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும். துருவ ஒளி, அதாவது இரவு வானில் அசையும் பச்சை ஒளி, தெரிய வேண்டும் என்றால் வானம் இருட்ட வேண்டும். வட நார்வேயில் கோடையில் இருட்டே கிடையாது.

வட நார்வேயின் ட்ரோம்சோ நகரத்தில் மே 20 வாக்கிலிருந்து ஜூலை 22 வாக்கு வரை சூரியன் மறைவதில்லை. கரையின் வடகோடிப் பாறை முனையான நூர்காப்பில் மே நடுவிலிருந்து ஜூலை இறுதி வரை. அந்த நாட்களில் இரவு ஒரு மணிக்கும் மேல்தளத்தில் வெயில் அடிக்கும். மலைகளுக்கு நடுவே நீளும் குறுகிய கடல் நுழைவை ஃபியோர்டு என்பார்கள்; கெய்ராங்கர் ஃபியோர்டுக்குள் கப்பல் போவதும் கோடையில்தான். கூட்டமும் கட்டணமும் உச்சத்தில் இருப்பதும் அப்போதுதான்.

துருவ ஒளிக்கு செப்டம்பர் கடைசியிலிருந்து மார்ச் இறுதி வரை. இதில் டிசம்பரும் ஜனவரியும் கடுமையானவை. நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடு வரை ட்ரோம்சோவில் சூரியன் அடிவானத்துக்கு மேலே வருவதே இல்லை. நடுப்பகலில் சில மணி நேரம் நீல நிற மங்கல் வெளிச்சம் மட்டும் இருக்கும். அதுவும் ஓர் அழகுதான், ஆனால் மலைகளையும் தீவுகளையும் பார்க்க வந்தவருக்குப் போதாது.

என்னைக் கேட்டால், ஒரே ஒரு முறைதான் போக முடியும் என்பவர் பிப்ரவரி கடைசியிலோ மார்ச்சிலோ போகலாம். பகல் நீண்டுவிட்டிருக்கும், மலையெல்லாம் பனி, இரவும் இருட்டாக இருக்கும். சம இரவு நாட்களையொட்டி துருவ ஒளி கொஞ்சம் தாராளமாகவே வரும் என்பது பல பத்தாண்டுப் பதிவுகளில் தெரிந்த விஷயம். லோஃபோடன் தீவுகளில் காட் மீன் பிடிப்பு உச்சத்தில் இருக்கும். குளிரைத் தாங்க மாட்டேன் என்பவருக்கு மே. மலையில் பனி, கரையில் பசுமை, கட்டணமும் ஜூன், ஜூலை அளவுக்கு ஏறியிருக்காது. மே 17 நார்வேயின் அரசியலமைப்பு நாள். அன்று கப்பல் எந்த ஊரில் நின்றாலும் மரபு உடையில் பிள்ளைகள் ஊர்வலம் போவதைப் பார்க்கலாம்.

இரண்டாம் படி: திசை

முழுச் சுற்றுக்கு நேரமும் பணமும் இருந்தால் யோசிக்கவே வேண்டாம். வடக்கே போகும்போது இரவில் கடந்த இடங்களைத் தெற்கே வரும்போது பெரும்பாலும் பகலில் கடக்கும்படி அட்டவணை அமைந்திருக்கிறது. ஒரு திசைதான் என்றால் இப்படிப் பாருங்கள்.

வடக்கே போகும் பயணத்தில் ஆறு இரவுகள். ஓலெசுண்ட், ட்ரொண்ட்ஹைம், போடோ, ட்ரோம்சோ, ஹொன்னிங்ஸ்வாக் எல்லாவற்றிலும் ஊருக்குள் நடந்து வரும் அளவுக்குக் கப்பல் நிற்கும். நூர்காப் போக இதுதான் வசதியான திசை. தெற்கே வருவது ஐந்து இரவுகள், விலையும் வழக்கமாகக் குறைவு. இதில் வார்டோ, வெஸ்டெரோலன் தீவுகள், ராஃப்ட்சுண்ட் நீரிணை, ஏழு சகோதரிகள் மலை, நடுவில் ஓட்டை விழுந்த டோர்க்ஹாட்டன் மலை ஆகியவை பகலில் கிடைக்கும். ஊர்களில் இறங்க ஆசை இருந்தால் வடக்கு. கப்பலில் உட்கார்ந்து கரையைப் பார்த்துக்கொண்டே வர ஆசை இருந்தால் தெற்கு.

மூன்றாம் படி: கப்பலும் கேபினும்

ஹாவிலாவின் நான்கும் புதியவை. இயற்கை எரிவாயுவில் ஓடுபவை. பெரிய பாட்டரித் தொகுதி இருப்பதால் ஃபியோர்டுக்குள் இஞ்சினை அணைத்துவிட்டு நான்கு மணி நேரம் வரை சத்தமில்லாமல் போக முடியும். ஹுர்ட்டிக்ரூட்டன் கப்பல்களில் பெரும்பாலானவை 1990-களில் கட்டப்பட்டவை. மரப் பலகை போட்ட கூடங்கள், பழகிய மாலுமிகள் என்று அவற்றுக்கு ஒரு தனிக் குணம் உண்டு. இரண்டும் ஒரே வழி, ஒரே துறைமுகங்கள். தேதியைப் பார்த்து எது அமைகிறதோ அதை எடுங்கள்.

கேபினுக்கு அதிகம் செலவழிக்க வேண்டாம் என்பது என் கருத்து. தூங்குவதற்கு மட்டும்தான் அங்கே போவீர்கள். ஜன்னல் இல்லாத உள் கேபினில் மிச்சமாகும் பணத்தில் இரண்டு கரைச் சுற்றுலா போகலாம். ஜன்னல் வேண்டும் என்றால், உயிர்காப்புப் படகு மறைக்கிறதா, நடைபாதைத் தளத்தில் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு எடுங்கள். நடைபாதைத் தளத்தில் உங்கள் ஜன்னலுக்கு வெளியே ஆட்கள் நடந்துகொண்டே இருப்பார்கள். குமட்டல் வருமோ என்று பயந்தால் கப்பலின் நடுவில், கீழ்த்தளத்தில் கேளுங்கள். அங்கே ஆட்டம் குறைவு.

வடக்கே போகையில் வலப்பக்கம் கரை, இடப்பக்கம் கடல் என்று வரைபடத்தில் தெரியும். உண்மையில் கப்பல் பெரும்பாலும் தீவுகளுக்குள்ளேயே புகுந்து போவதால் இரண்டு பக்கமும் காட்சி உண்டு. கோடையில் நள்ளிரவுச் சூரியன் வடக்கில் நிற்கும். ஆகவே வடக்கே போகும்போது அது இடப்பக்க ஜன்னலில்தான் பெரும்பாலும் தெரியும்.

நான்காம் படி: விசா, பெர்கன் போய்ச் சேர்வது

நார்வே ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை, ஆனால் ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் ஷெங்கன் பகுதியில் இருக்கிறது. இந்தியக் கடவுச்சீட்டுக்கு ஷெங்கன் விசா வேண்டும். ஃப்ராங்க்ஃபர்ட்டிலோ ஆம்ஸ்டர்டாமிலோ இறங்கி மாறினாலும், அதிக நாள் தங்குவது நார்வேயில் என்பதால் நார்வேக்கே விண்ணப்பிக்க வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். கப்பல் முன்பதிவுச் சீட்டில் இரவுகளின் எண்ணிக்கை தெளிவாக இருப்பதால் தங்குமிடச் சான்றாக அதையே வைக்கலாம். பெர்கனிலும் ஒஸ்லோவிலும் தங்கும் இரவுகளுக்கு மட்டும் தனிச் சான்று.

ஒஸ்லோவில் இறங்கினால் பெர்கனுக்கு விமானம் பிடிக்காமல் ரயிலில் போங்கள். 1909-இல் திறந்த பாதை, சுமார் ஏழு மணி நேரம். 1,222 மீட்டர் உயரத்தில் ஃபின்சே நிலையம், ஜூனிலும் சுற்றிலும் பனி கிடக்கும். பெர்கனுக்கு ஒரு நாள் முன்னதாகவே போய்விடுங்கள். விமானமோ ரயிலோ தாமதமானால் கப்பல் காத்திருக்காது. கிடைக்கும் அந்த ஒரு நாளில் பிரிக்கன் மர வீடுகளையும், ஃப்ளோயன் மலை ரயிலையும் பார்த்துவிடலாம்.

ஐந்தாம் படி: பெட்டியில் என்ன

தடித்த ஒரே கோட்டை நம்பாதீர்கள். உடம்போடு ஒட்டிய கம்பளித் துணி, அதன் மேல் ஒரு ஸ்வெட்டர், அதன் மேல் காற்றும் மழையும் புகாத மேலங்கி. இந்த மூன்று அடுக்கு கோடைக்கும் வேண்டும், ஏனென்றால் மேல்தளத்தில் குளிரைவிடக் காற்றுதான் வாட்டும். காதை மூடும் தொப்பி, இரண்டு ஜோடி கையுறை. குளிர்காலத்தில் செருப்புக்கடியில் மாட்டும் இரும்பு முள் பட்டையை அங்கே கடையிலேயே வாங்கிக்கொள்ளலாம். ட்ரோம்சோவின் தெருக்கள் அப்போது கண்ணாடிபோல் உறைந்திருக்கும், அது இல்லாமல் நடக்காதீர்கள். இரவில் மேல்தளத்துக்கு அவசரமாக ஓட வேண்டியிருக்கும் என்பதால் உடைகளைக் கதவோரம் வரிசையாகத் தொங்கவிட்டுத் தூங்குங்கள். கோடைக்குக் கண்ணை மூடும் பட்டை ஒன்று.

சைவம் சாப்பிடுபவர்கள் முன்பதிவிலேயே சொல்லிவிடுங்கள், ஏறிய பிறகு உணவகத்தில் இன்னொரு முறை நினைவூட்டுங்கள். மீன்தான் இந்தக் கரையின் சாப்பாடு என்றாலும் சைவத்துக்கும் செய்து தருவார்கள். காரம் மட்டும் இருக்காது. ஒரு சின்னப் புட்டி ஊறுகாயும் பருப்புப் பொடியும் கொண்டுபோனால் பன்னிரண்டு நாள் ஓடும்.

ஆறாம் படி: கடல் புரளும் இடங்களைத் தெரிந்துவைத்தல்

பெரும்பாலான நேரம் தீவுகளின் மறைவில் கப்பல் அசையாமல் போகும். திறந்த கடல் வரும் இடங்கள் சில உண்டு. மோலோயைத் தாண்டியதும் ஸ்டாட் முனை. மோல்டேக்கும் கிறிஸ்டியான்சுண்டுக்கும் நடுவில் ஹுஸ்டாட்விகா. ரோர்விக்குக்குத் தெற்கே ஃபோல்டா. போடோவுக்கும் லோஃபோடனுக்கும் நடுவில் வெஸ்ட்ஃபியோர்டு. அப்புறம் நூர்காப்புக்குக் கிழக்கே பாரென்ட்ஸ் கடல். குளிர்காலத்தில் இவை விளையாட்டல்ல. 2019 மார்ச்சில் ஹுஸ்டாட்விகாவில் இஞ்சின் நின்றுபோன வேறொரு பெரிய சுற்றுலாக் கப்பலிலிருந்து 479 பேரை ஹெலிகாப்டரில் தூக்க வேண்டியிருந்தது. வழித்தடக் கப்பல்கள் புயல் அதிகமானால் துறைமுகத்தைத் தாண்டிவிடும், அல்லது நின்று காத்திருக்கும். அதற்காகக் கோபப்படாதீர்கள். குமட்டல் மாத்திரையை மருத்துவரிடம் கேட்டு வாங்கி, திறந்த கடலுக்கு ஒரு மணி நேரம் முன்பே போடுங்கள். வயிறு புரட்டத் தொடங்கிய பிறகு போட்டால் நிற்காது.

ஏழாம் படி: வழியில்

ஓலெசுண்ட் 1904 ஜனவரி 23 இரவில் எரிந்தது. சுமார் பத்தாயிரம் பேர் வீடிழந்தார்கள். அடுத்த சில ஆண்டுகளில் கல்லாலும் செங்கல்லாலும் மறுபடி கட்டினார்கள், அன்றைய புதுப் பாணியில். ஊர் முழுக்கக் கோபுரங்களும் பூவேலைகளும் ஒரே காலத்து வடிவில் இருப்பது அதனால்தான். 418 படி ஏறினால் அக்ஸ்லா குன்று. அங்கிருந்து உங்கள் கப்பலையே பார்க்கலாம். கோடையில் இங்கிருந்து கெய்ராங்கர். இலையுதிர் காலத்தில் அதற்குப் பதில் ஹ்யோருண்ட்ஃபியோர்டு. கூட்டமில்லாத, செங்குத்தான இந்த ஃபியோர்டை நான் இன்னும் மேலாகவே சொல்வேன்.

ட்ரொண்ட்ஹைமில் மூன்று மணி நேரம். நேரே நிடாரோஸ் தேவாலயத்துக்கு நடங்கள், அரை மணி ஆகும். திரும்பும்போது பழைய மரப்பாலத்தின் வழியாக வாருங்கள், போதும்.

மறுநாள் காலை, 66 பாகை 33 கலை. விகிங்கன் என்ற சிறு பாறைத் தீவில் உலோக உருண்டை ஒன்று நிற்கும். அதுதான் ஆர்க்டிக் வட்டத்தின் அடையாளம். வடக்கே போகிறவர்களுக்குக் கழுத்துக்குள் ஒரு கரண்டி ஐஸ் கட்டி போடுவார்கள். தெற்கே வருகிறவர்களுக்கு ஒரு கரண்டி காட் மீன் எண்ணெய். இரண்டையும் ஏற்றுக்கொள்ளுங்கள், கப்பல் ஊழியர்கள் அதை மகிழ்ச்சியாகச் செய்கிறார்கள்.

மாலையில் வெஸ்ட்ஃபியோர்டைக் கடக்கும்போது எதிரே லோஃபோடன் எழும். தனித்தனித் தீவுகள்தான், ஆனால் தூரத்திலிருந்து இடைவெளியே இல்லாத ஒரு மலைச் சுவராகத் தெரியும். குளிர்காலத்தில் பாரென்ட்ஸ் கடலிலிருந்து காட் மீன் கூட்டம் கூட்டமாக முட்டையிட இங்கேதான் வருகிறது. ஸ்வோல்வாரில் கப்பல் நிற்கும் நேரத்தில் கரையோர மரப் பரண்களைப் பாருங்கள். பிப்ரவரியிலிருந்து மே வரை இரண்டிரண்டாக வாலில் கட்டித் தொங்கவிட்ட காட் மீன்கள். உப்பே போடாத கருவாடு இது. உறைந்தும் போகாமல் அழுகியும் போகாமல் இருக்கும் அந்தச் சில மாதக் குளிரும் கடல் காற்றுமே வேலையை முடித்துவிடுகின்றன. நல்ல மீன் இத்தாலிக்குப் போகிறது. தலைகள் நைஜீரியாவுக்கு.

ஸ்வோல்வாரைத் தாண்டியதும் ட்ரோல்ஃபியோர்டு. கோடையில் கப்பல் இதற்குள் போகும், நேரம் இரவு பதினொன்று இருக்கலாம், தூங்கிவிடாதீர்கள். இதன் வாய் சுமார் 100 மீட்டர்தான் அகலம். கப்பலோ அதைவிட நீளம். கைக்கெட்டும் தூரத்தில் இரண்டு பக்கமும் ஈரப் பாறை நகர்ந்துகொண்டே போகும், இஞ்சின் சத்தம் பாறையில் பட்டுத் திரும்பும். உள்ளே கொஞ்சம் விரிந்த இடத்தில் கப்பல் நின்ற இடத்திலேயே மெதுவாக முழுச் சுற்றுச் சுற்றித் திரும்பும். குளிர்காலத்தில் பனிச்சரிவு ஆபத்தால் உள்ளே போவதில்லை. 1890-இல் நீராவிக் கப்பல்காரர்கள் இந்த வாயை அடைத்துக்கொண்டு உள்ளே இருந்த மீனையெல்லாம் தங்களுக்கே என்றபோது, துடுப்புப் படகு மீனவர்கள் சண்டை போட்டு நுழைந்தார்கள். சிறு மீனவர் உரிமைக்கு அந்தச் சண்டை ஓர் அடையாளமாகிவிட்டது.

ட்ரோம்சோவில் பாலத்தின் வழியாக நடந்தே ஆர்க்டிக் கதீட்ரலுக்குப் போகலாம். நேரம் இருந்தால் கேபிள் கார், 421 மீட்டர் உயரம். ஹம்மர்ஃபெஸ்டில் ஸ்ட்ரூவே அளவீட்டுத் தூண் இருக்கிறது. பூமியின் வடிவையும் அளவையும் கணக்கிட 1816 முதல் 1855 வரை இங்கிருந்து கருங்கடல் வரை 2,820 கிலோமீட்டருக்கு அளந்த வேலை அது.

ஹொன்னிங்ஸ்வாகிலிருந்து நூர்காப்புக்குப் பேருந்தில் முக்கால் மணி. 307 மீட்டர் செங்குத்துப் பாறை, எதிரே கடல் மட்டும். குளிர்காலத்தில் கடைசிப் பகுதியைப் பனி அகற்றும் வண்டிக்குப் பின்னால் வரிசையாகத்தான் கடக்க விடுவார்கள். காற்று மிஞ்சினால் சாலையை மூடிவிடுவார்கள். இந்த ஒரு சுற்றுலாவை மட்டும் கப்பல் மூலமாகவே முன்பதிவு செய்யுங்கள். பேருந்து தாமதமானாலும் கப்பல் காத்திருக்கும். தனியாகப் போனால் அந்த உறுதி இல்லை.

நூர்காப்புக்குக் கிழக்கே மரமே கிடையாது. நார்வேயின் வடகோடிப் பகுதியான ஃபின்மார்க்கின் இந்தச் சிறு மீன்பிடி ஊர்களில் 1980-களின் பிற்பகுதியில் இலங்கைத் தமிழர்கள் பலர் வந்து மீன் ஆலைகளில் வேலை செய்தார்கள். பெரும்பாலோர் பின்னர் ஒஸ்லோ பக்கம் போய்விட்டார்கள். இரவில் சிறு துறைமுகங்களில் கப்பல் நிற்கும்போது ஒரு முறையாவது எழுந்து பாருங்கள். பக்கவாட்டுக் கதவு திறக்கும், சரக்குத் தூக்கி வண்டி ஒன்று விளக்கைப் போட்டுக்கொண்டு பனியில் வழுக்காமல் உள்ளேயும் வெளியேயும் ஓடும். இறங்குவது பழப்பெட்டி, ஏறுவது மீன்பெட்டி. பதினைந்து நிமிடத்தில் எல்லாம் முடிந்து கயிறு அவிழும்.

கிர்கெனெஸில் எல்லைக்குப் போகும் சுற்றுலா உண்டு. அங்கே எல்லைக் கோட்டைத் தாண்டுவது மட்டுமல்ல, ரஷ்யப் பக்கம் ஒரு கல்லை எறிவதும் சட்டப்படி குற்றம்.

திரும்பும் அன்று மாலையே வார்டோ. பதினேழாம் நூற்றாண்டில் சூனியக்காரர்கள் என்று பழி சுமத்தி ஃபின்மார்க்கில் 91 பேரைக் கொன்றார்கள். அவர்களுக்காக 2011-இல் திறந்த ஸ்டெயில்னெஸெட் நினைவிடம் இங்கே கடலோரத்தில் இருக்கிறது. ஒருவருக்கு ஒரு ஜன்னல், ஒரு விளக்கு, அவருடைய வழக்குக் குறிப்பு. கப்பல் ஒரு மணி நேரம்தான் நிற்கும், கோட்டைக்குப் போகாமல் நேரே இங்கே நடங்கள்.

துருவ ஒளியைப் பிடிப்பது

கேபினில் அறிவிப்புப் பெட்டி இருக்கும். அதை அணைத்துவைக்காதீர்கள், ஒளி தெரிந்தால் இரவு மூன்று மணிக்கும் அறிவிப்பார்கள். கண்ணுக்கு முதலில் வெளிறிய மேகம் போலத்தான் தெரியும், அசைந்தால்தான் பச்சை புலப்படும். கப்பல் நகர்வதால் முக்காலி உதவாது. கேமராவில் ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தை இரண்டு, மூன்று நொடிக்கு மேல் வைக்காமல், ஒளியுணர்வு அளவான ஐஎஸ்ஓவை 3200 வரை ஏற்றுங்கள். விளக்கில்லாத மூலையில் நின்று பத்து நிமிடம் கைபேசியைப் பார்க்காமல் இருந்தால் கண் இருட்டுக்குப் பழகும். ஒளி வராவிட்டால் இன்னொரு பயணம் இலவசம் என்று இரு கம்பெனிகளுமே அறிவித்திருக்கின்றன. எந்த மாதங்களுக்கு, எத்தனை நாள் பயணத்துக்கு என்ற நிபந்தனையைப் படித்துவிட்டுப் பதிவு செய்யுங்கள்.

இறங்கிய பிறகு

வடக்கு மட்டும் போகிறவர்களுக்குக் கிர்கெனெஸிலிருந்து ஒஸ்லோவுக்கு இரண்டு மணி நேர விமானம் உண்டு. கப்பல் காலை ஒன்பதுக்கு வருவதால் பிற்பகல் விமானத்தை எடுங்கள். முழுச் சுற்றுப் போகிறவர்கள் பெர்கனில் அன்று மாலையே விமானம் போடாதீர்கள். ஸ்டாட் முனையில் காற்று அடித்தால் சில மணி நேரத் தாமதம் சாதாரணம். மறுநாள் விமானம்தான் பாதுகாப்பு.